தொழுவம் தந்த அமைதி

தேர்வுக்காலம் வந்தால் நம் மாணவர்கள் பரிந்துரை கேட்டுச் செபிக்கும் புனிதர், குப்பெர்த்தீனோ நகர் யோசேப்பு. அவரை உருவாக்கியதோ பள்ளிக்கூடம் அல்ல, ஒரு தொழுவம்.

1603-ஆம் ஆண்டு தென் இத்தாலியில், கடனில் மூழ்கிய ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்தார். செருப்புத் தைக்கப் பழகினார், கைவரவில்லை. 1620-இல் கப்புச்சின் சபையில் சேர்ந்தார். செபத்தில் தன்னை மறந்து தட்டுகளைக் கைநழுவ விட்டதால், சில மாதங்களில் வெளியே அனுப்பப்பட்டார்.

பின்னர் ஊருக்கு அருகே கிரொத்தெல்லா பிரான்சிஸ்கன் மடத்தில், கோவேறு கழுதையைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. விட்டையை அள்ளி, தரையைக் கூட்டி, தீவனம் வைக்கும் வேலை. அதை மகிழ்வோடு செய்தார். உணவறையில் குறையாகத் தெரிந்த அதே செப மௌனம், தொழுவத்தில் அவருக்குத் துணையாயிற்று. கைகள் கூட்டின, உள்ளம் இறைவனில் இளைப்பாறியது.

அவரது தாழ்ச்சியைக் கண்ட துறவிகள் 1625-இல் அவரைத் தம் சபையில் ஏற்றனர். 1628-இல் குருவானார், 1663-இல் இறந்தார். 1767-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பஞ்சுத் தூசியையும் வெட்டுத்துணியையும் கூட்டி அள்ளுவோர், காங்கயம் பக்கம் விடியுமுன் கட்டுத்தரை கூட்டுவோர் நம்மிடையே பலர். அவர்கள் கூட்டிய தரையில்தான் நாம் நடக்கிறோம். அவர்களுக்கு உரிய கூலியையும் மரியாதையையும் கொடுப்போம். நம் வீட்டுத் துடைப்பத்தை நாமும் கையில் எடுப்போம். சுத்தமான தரையைத் திரும்பிப் பார்க்கும் அந்த நிறைவு, பெரிய பதவிகள் தராத அமைதியை நமக்குத் தரும்.