மழையைக் கணிக்கப் போய் காற்றோட வழியைக் கண்டவர்: யார் இந்த கில்பர்ட் வாக்கர்?

மலாக்கா கிளேபாங் கடற்கரைக்குச் சாயங்காலம் போயிருக்கீங்களா? அங்கே கடலிலிருந்து வீசும் காற்றுக்குக் காரணம் வெயில்தான். பகலில் கடலைவிட தரை சீக்கிரம் சூடாகும். தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி, மேலே எழும்பும். கீழே காற்றழுத்தம் குறையும். உடனே கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வந்துவிடும்.

இதையே பசிபிக் பெருங்கடல் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்க. அதுதான் வாக்கர் சுழற்சி.

கில்பர்ட் வாக்கர் 1868ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவர். பூமராங் எப்படித் திரும்பி வருதுன்னு ஆராய்ச்சி செய்தவர். வானிலை படித்தவரே இல்லை! ஆனாலும் 1904ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பு அவருக்குத்தான் கிடைத்தது.

அது சாதாரண வேலை இல்லை. 1877லும் 1899லும் பருவமழை பொய்த்து, பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். முதல் பஞ்சத்தில் அதிகம் அடிபட்டது சென்னை மாகாணம். அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் வாக்கர் முன்னால் இருந்த கேள்வி.

கணினி இல்லாத காலம். உலகம் முழுக்க எடுத்த அழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளை இந்திய எழுத்தர்களை வைத்து கையாலேயே ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுது. தராசு மாதிரி! இதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். ஆனால் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. மழையையும் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை.

நடுவில் இன்னொரு நல்ல காரியம். 1913ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்து, உதவித்தொகை கொடுக்கச் சொல்லி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது.

வாக்கர் 1958ல் காலமானார். 1969ல்தான் ஜேக்கப் பியர்க்னஸ் காரணத்தை விளக்கி, அந்தச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே வைத்தார். நம்ம வட்டாரக் கடல் ரொம்பச் சூடு. இங்கே ஈரக்காற்று மேலே போய், மேகமாகி, மழையாகும்போது தன் வெப்பத்தை வானத்தில் விட்டுவிடும். பிறகு உயரத்தில் கிழக்கே போய், தென் அமெரிக்கப் பக்கம் இறங்கி, கடல்மட்டக் காற்றாகத் திரும்பி வரும். எல் நினோ வந்தால் சூடான நீர் கிழக்கே நகரும், மழையும் கூடவே போய்விடும். நமக்கு மிஞ்சுவது வறட்சியும் புகைமூட்டமும்.

ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மழையே இல்லாவிட்டாலும் பால் குறையும். 1991ல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது. அதுவும் எல் நினோ உருவான ஆண்டுதான். ஆனால் பழியை முழுக்க அதன்மேல் போட்டுவிட முடியாது.

வாக்கரின் அந்தத் தராசை விஞ்ஞானிகள் இன்றும் பார்க்கிறார்கள். ஒரு தட்டு தாஹித்தி, இன்னொன்று ஆஸ்திரேலியாவின் டார்வின்.