பீர் ஆலையில் வேலை.. புனைபெயர் ‘ஸ்டூடண்ட்’.. யார் இந்த வில்லியம் கோசெட்?

புள்ளியியல் பாடம் படித்தவர்களுக்கு ‘ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்’ ஞாபகம் இருக்கும். ஏதோ மாணவர்களுக்கான டெஸ்ட் போல என்று பலரும் கடந்து போயிருப்போம். ஆனால் அந்த ‘ஸ்டூடண்ட்’ ஒரு மனிதர். அதுவும் பேராசிரியர் இல்லை, பீர் ஆலை ஊழியர்!

வில்லியம் சீலி கோசெட், 1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் அயர்லாந்தின் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார்.

ஆலையில் என்ன பிரச்சனை?

பீருக்கு பார்லி வேண்டும், ஈஸ்ட் வேண்டும். வந்து இறங்கும் சரக்கு முழுவதையும் சோதித்துப் பார்க்க முடியாது. கொஞ்சம் சாம்பிள் எடுத்து, அதன் சராசரியை வைத்துதான் மொத்த சரக்கையும் எடைபோட வேண்டும். சோதனைக்கு நேரமும் பணமும் ஆகும் என்பதால் நாலு, அஞ்சு சாம்பிள் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஆனால் அன்றைய புள்ளியியல் சூத்திரங்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில் சாம்பிள் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நாலு சாம்பிளை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? இதுக்கு யாரிடமும் பதில் இல்லை.

1906-ல் லண்டன் சென்ற கோசெட், புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் சுமார் ஒரு வருடம் படித்தார். சொல்லப்போனால் பியர்சனுக்கே சின்ன சாம்பிள் விவகாரத்தில் பெரிய ஆர்வம் இல்லை. கையில் ஆயிரக்கணக்கில் அளவுகள் இருப்பவருக்கு நாலு சாம்பிள்காரரின் கஷ்டம் எப்படிப் புரியும்?

3,000 அட்டைகள்

கணக்குப் போட்டு ஒரு விடையைக் கண்டுபிடித்த கோசெட், அது சரியா என்று பார்க்க செய்த வேலைதான் சுவாரஸ்யம். 3,000 குற்றவாளிகளின் உயரம், இடது நடுவிரல் நீளம் ஆகிய அளவுகள் ஏற்கெனவே ஓர் ஆய்வில் வெளியாகியிருந்தன. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்தார். மொத்தம் 750 குட்டி சாம்பிள்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எல்லாமே கைக்கணக்கு. விடை கிட்டத்தட்ட பொருந்தியது.

1908-ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. ஆனால் அதில் கோசெட் பெயர் இல்லை. தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதில் கின்னஸ் கறாராக இருந்ததால், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில்தான் எழுத முடிந்தது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

ஒரு உதாரணம் பார்ப்போம். நாலு சாம்பிளின் சராசரி 130, திட்ட விலக்கம் 2 என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ நாலின் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் 1. இதுதான் சராசரியின் திட்டப் பிழை. பழைய முறையில் இதை 1.96-ஆல் பெருக்கி, உண்மையான சராசரி சுமார் 128 முதல் 132-க்குள் இருக்கும் என்று 95% உறுதியோடு சொல்லிவிடுவார்கள்.

ஆனால் நாலே நாலு சாம்பிளில் அந்த திட்ட விலக்கமே தப்பாக இருக்கலாமே! கோசெட் பிடித்தது இந்த ஓட்டையைத்தான். அவர் வழியில் வந்த இன்றைய அட்டவணைப்படி, நாலு சாம்பிள் என்றால் 3.18-ஆல் பெருக்க வேண்டும். அப்போ எல்லை 126.8 முதல் 133.2 வரை விரியும். பத்து சாம்பிள் இருந்தால் 2.26 போதும். சாம்பிள் கூடக்கூட அந்த எண் 1.96-ஐ நெருங்கிவிடும்.

இந்த எல்லைக்கு ‘நம்பிக்கை இடைவெளி’ என்ற பெயரை 1934-ல் ஜெர்சி நெய்மன் வைத்தார். 95% என்றால், இதே முறையில் 100 தடவை சாம்பிள் எடுத்து இடைவெளி போட்டால், சுமார் 95 தடவை உண்மையான சராசரி அதற்குள் மாட்டும். அவ்வளவுதான், ஒவ்வொரு தடவையும் மாட்டும் என்ற கேரண்டி இல்லை.

கோசெட்டின் கட்டுரையை ஆரம்பத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இளம் கணித வல்லுநர் ரொனால்டு ஃபிஷர்தான் அதற்கு முழு நிரூபணம் கொடுத்து, 1925-ல் வெளியான தன் புத்தகம் மூலம் பரப்பினார். பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் கோசெட் இருவருக்குமே நண்பர்!

1935-ல் கின்னஸின் லண்டன் ஆலைக்கு மாறிய அவர், 1937-ல் தலைமை மதுவடிப்பாளர் ஆனார். அதே ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, 61 வயதில் காலமானார். கடைசி வரை அவரது கட்டுரைகளில் இருந்த பெயர் ‘ஸ்டூடண்ட்’தான்.