தியாகபூமி தந்த கே. சுப்பிரமணியம்

தமிழ்ப் பேசாப்படக் காலத்தில், 1930ஆம் ஆண்டு, ‘பேயும் பெண்ணும்’ என்றொரு படம் வெளிவந்தது. இயக்கியவர் ராஜா சாண்டோ. சட்டம் பயின்று பட்டம் பெற்ற இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் அவருக்குத் துணையாகத் திரைக்கதைப் பணியில் ஈடுபட்டிருந்தார். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் 1904 ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்த கே. சுப்பிரமணியமே அவ்விளைஞர். நீதிமன்றப் படிகளை விட்டு அவர் படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்ததைக் குடும்பத்தார் எவ்வளவு விரும்பியிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. கூத்தாடித் தொழில் என்ற இழிசொல் அன்று சினிமாவையும் சேர்த்தே சுட்டியது. படித்தவர், அதிலும் வைதிகக் குடும்பத்தவர், அதனை அண்டாதிருந்த காலம் அது. பேயையும் பெண்ணையும் ஒரே தலைப்பில் அடக்கிய படத்தில் தொழில் கற்ற அவர், பின்னாளில் பேயை விட்டுவிட்டார். பெண்ணைப் பேயாகக் கண்டு அஞ்சிய சமூகத்தைத் திரைக்குக் கொணர்ந்தார். அதற்காகச் சாதியாரின் விலக்கையும் அரசின் தடையையும் ஒருங்கே பெற்றார்.

அவர் இயக்கிய முதற்படம் ‘பவளக்கொடி’ (1934). மேடையில் புகழ்பெற்ற நாடகத்தை அப்படியே படமாக்கிய முயற்சி அது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதன்வழி திரைக்கு வந்தனர். அடையாற்றில் திறந்தவெளியில், கதிரவன் ஒளியை நம்பி எடுக்கப்பட்ட படம். உணவு நேரத்துக்குத் திரளும் காகங்களின் கரைச்சல் ஒலிப்பதிவில் விழாதிருக்க, துப்பாக்கி வெடித்து அவற்றை விரட்டுவதற்கென்றே கூலிக்கு ஓர் ஆள் அமர்த்தப்பட்டிருந்தார் என்ற செய்தியைத் திரை வரலாறு எழுதியோர் சுவையோடு பதிவு செய்துள்ளனர். ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படம் பணத்தை ஈட்டித் தந்தது. புராணக் கதைகளையே அடுத்தடுத்து எடுத்துக்கொண்டு அவர் வளமாக வாழ்ந்திருக்கலாம்.

1937இல் வந்த ‘பாலயோகினி’யோடு பாதை திரும்பிற்று. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பார்ப்பனப் பெண்கள், தாழ்த்தப்பட்ட குலத்து வேலைக்காரன் முனுசாமியின் குடிசையில் தஞ்சம் புகுகின்றனர். உறவாலும் உயர்குலத்தாலும் கிட்டாத புகலிடத்தைத் தீண்டத்தகாதவன் என்று தள்ளப்பட்டவன் தருகிறான். இத்தகைய கதைகள் அன்று நாவல்களில் உண்டு, மேடையிலும் உண்டு. சுப்பிரமணியம் செய்த துணிவு வேறொன்று. கைம்பெண் வேடத்துக்கு ஒப்பனையிட்ட நடிகையை அவர் தேடவில்லை. உண்மையாகவே கணவனை இழந்த பார்ப்பனப் பெண் ஒருவரைப் படத்தில் தோன்றச் செய்தார்.

அதன் விளைவை இன்றைய தலைமுறை உணர்வது சற்றே அரிது. கைம்பெண் எதிரே வருதல் தீச்சகுனம். மங்கல நிகழ்ச்சிகளில் அவள் நிழலும் விழலாகாது. அடுக்களை இருட்டில் ஒடுங்கிக் கிடக்க வேண்டிய அவ்வுருவத்தை, கொட்டகையில் அமர்ந்திருந்தோர் கண்முன் பேருருவாக நிறுத்திவிட்டார் இயக்குநர். பேய்ப்படம் பார்த்து அஞ்சுவோர் அதனைப் பொய்யென்று அறிந்தே அஞ்சுவர். இங்கோ திரையில் தெரிந்த முகம் அவரவர் வீட்டுப் பின்கட்டிலும் இருந்தது. தஞ்சைப் பகுதி வைதிகர் கூடி, சுப்பிரமணியத்தைச் சாதியிலிருந்து விலக்கியதாக அறிவித்தனர். படமோ பெருவெற்றி கண்டது. அதில் நடித்த அவருடைய தம்பி மகள் பேபி சரோஜாவின் புகழால் தமிழகத்தில் எத்தனையோ பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயரிடப்பட்டது. விலக்கி வைத்தோர் வீடுகளிலும் அப்பெயர் வழங்கியிருக்கக் கூடும்.

இதற்கு நேரிணையான நிகழ்ச்சியொன்று ஐந்தாண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் நடந்தேறியிருந்தது. ‘டிராகுலா’வை இயக்கிய டாட் பிரவுனிங், 1932இல் ‘ஃப்ரீக்ஸ்’ என்ற திகில் படத்தை எடுத்தார். சர்க்கஸ் கூடாரம்தான் களம். குறுகிய உடலினர், கைகால் இல்லாதோர், ஒட்டிப் பிறந்த இரட்டையர் எனச் சர்க்கஸ்களில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்ட மெய்யான மனிதரையே அவர் நடிக்க வைத்தார். செல்வத்துக்கு ஆசைப்பட்டுக் குள்ள மனிதனை மணந்து நஞ்சூட்டும் பேரழகியே கதையின் கொடியவள். விகாரம் எங்கிருக்கிறது என்ற வினாவைப் பார்வையாளர் மேலேயே அப்படம் திருப்பிவிட்டது. தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனம் அஞ்சி, படத்தில் மூன்றிலொரு பங்கை வெட்டி எறிந்தது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் முற்றிலும் மறுத்தது. அம்மறுப்பு 1963 வரை நீடித்தது. இடைக்காலத்தில் மலிவான கிளர்ச்சிப் படம் விற்போர் கையில் சிக்கி, வெவ்வேறு பெயர்களில் அது ஊர் ஊராகச் சுற்றியது. அறுபதுகளில்தான் இளைஞர் கூட்டமொன்று அதனைத் தேடிப்பிடித்துப் போற்றத் தொடங்கிற்று. பிரவுனிங்கின் திரைவாழ்வு அப்படத்தால் சரிந்து மீளவில்லை. சுப்பிரமணியம் அப்படத்தைக் கண்டிருக்க வேண்டிய தேவையில்லை. ஒப்பனை முகத்தை ஏற்கும் கூட்டம் மெய்யான முகத்தைப் பொறுப்பதில்லை என்பதை இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

‘சேவாசதனம்’ 1938இல் வெளிவந்தது. பிரேம்சந்தின் இந்தி நாவலைத் தழுவிய இப்படத்தின் மூலம் எம்.எஸ். சுப்புலட்சுமி திரையுலகுக்கு அறிமுகமானார். முதியவருக்கு மனைவியாக்கப்பட்ட இளம்பெண்ணின் அவலம் கதைப்பொருள். இதைப் பற்றித் தனியே எழுதுவதற்கு நிறைய உண்டு. இங்கு அடுத்த படத்துக்குச் செல்லல் தகும்.

‘தியாகபூமி’யைக் கல்கி எழுதினார். படம் உருவாகிவந்த காலத்திலேயே, அதன் நிழற்படங்களோடு, ஆனந்த விகடனில் கதை தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் படித்தவர்கள் பாத்திரங்களின் முகங்களை முன்னரே அறிந்துகொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். நெடுங்கரைச் சம்பு சாஸ்திரியாக நடித்தவர் இசைப்புலவர் பாபநாசம் சிவன். மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, பேத்தி சாருவாகப் பேபி சரோஜா, மருமகன் ஸ்ரீதரனாகக் கே.ஜே. மகாதேவன். புயலிலும் வெள்ளத்திலும் குடியிழந்த அரிசனங்களுக்குத் தம் வீட்டில் இடமளித்த குற்றத்துக்காகச் சாஸ்திரி ஊராரால் விலக்கப்படுகிறார். பாலயோகினிக்குப்பின் இயக்குநருக்கு நேர்ந்ததையே இப்பாத்திரம் திரையில் மீண்டும் பட்டதென்று கருத இடமுண்டு. சாஸ்திரி சென்னைக்கு வந்து சாவடிக்குப்பத்து ஏழைகளிடையே வாழ்கிறார். இராயபுரம் தொடங்கி எண்ணூர், காட்டுப்பள்ளி வரை கடலோரம் முழுதும் குப்பங்களாகவே நீளும் வடசென்னைக்காரர்க்கு அப்பெயர் அன்னியமாகத் தோன்றியிருக்காது.

கணவனின் கொடுமைக்கு ஆளான சாவித்திரி நிறைசூலியாய்த் தெருவில் நிற்கிறாள். பெற்ற குழந்தையைத் தந்தையின் அருகே விட்டுச் சென்று, பம்பாயில் செல்வம் எய்தி, உமாராணியாகத் திரும்புகிறாள். செல்வம் கண்ட கணவன் மனைவி வேண்டுமென்று வழக்குத் தொடுக்கிறான். சட்டம் பயின்ற இயக்குநரின் கை தெரிவது இந்த நீதிமன்றக் காட்சியில்தான். கணவனோடு வாழ அவள் மறுக்கிறாள். அதோடு நில்லாமல், வேண்டுமானால் கணவனுக்குத் தானே சீவனாம்சம் தருவதாகவும் கூறுகிறாள். அவையில் சிரிப்பு எழுந்திருக்கும். வீடு திரும்பிய கணவன்மார் பலர் அன்றிரவு சிரித்திருக்கமாட்டார்கள். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் வந்தது 1949இல். படம் அதற்குப் பத்தாண்டு முந்தியது.

1939 மே 20ஆம் நாள் படம் வெளியாயிற்று. அப்போது மாகாணத்தில் இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. அடுத்த ஏழு வாரங்களில், ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் அரிசனங்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். திரையும் தெருவும் அவ்வளவு நெருங்கி நின்ற காலம் தமிழ்ப்பட வரலாற்றில் அதற்குமுன் இல்லை. கதரும் இராட்டையும் ஊர்வலமும் சிறையும் படத்தில் ஒளிவுமறைவின்றி இடம்பெற்றன. தந்தையும் மகளும் நாட்டுப்பணியில் இறங்கிச் சிறை செல்வதோடு கதை முடிகிறது. டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்த தேசபக்திப் பாடல் கொட்டகைக்கு வெளியிலும் பரவிற்று.

தணிக்கை என்பது அன்று காவல்துறையின் கையிலிருந்த கத்தரி. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் அமைந்த வாரியத்தில் நகரக் காவல் ஆணையருக்கே முதன்மை. 1921இலேயே ‘பக்த விதுர்’ என்ற பேசாப்படத்தில் விதுரர் காந்தியடிகளின் சாயலில் தோன்றினார் என்பதற்காக அப்படம் தடைக்குள்ளானது. காங்கிரஸ் ஆட்சியின்போது தளர்ந்திருந்த அக்கை, உலகப்போரை ஒட்டி 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியதும் மீண்டும் இறுகிற்று. இருபத்திரண்டு வாரம் ஓடிய தியாகபூமி 1940இல் தடை செய்யப்பட்டது. தடை வருவதை அறிந்த சுப்பிரமணியமும் எஸ்.எஸ். வாசனும் சென்னை கெயிட்டி அரங்கில் கட்டணமின்றிப் படத்தைக் காட்டச் செய்தனர் என்றும், திரண்ட கூட்டத்தின்மேல் அரங்குக்குள்ளேயே காவலர் தடியடி நடத்தினர் என்றும் அக்காலத்தார் சொல்லிவந்தனர். ரகுபதி வெங்கய்யா 1914இல் கட்டிய அந்தக் கெயிட்டி, சென்னையில் இந்தியர் ஒருவர் எழுப்பிய முதல் நிலையான திரையரங்கு.

தடைக்குக் காரணம் அரசியலே என்பதில் ஐயமில்லை. எனினும், அரசு அஞ்சிய காட்சிகளும் வைதிகர் அஞ்சிய காட்சிகளும் ஒரே படச்சுருளில் இருந்தன. அரிசனத்துக்குத் திறந்த கதவும் கணவனுக்கு மூடிய கதவும் இருட்டுக்குப் போனபோது உள்ளூர மகிழ்ந்தோர் நம்மவரிலும் இருந்திருப்பர். தடையாணையை வெள்ளையரின் கணக்கில் மட்டும் எழுதிவைப்பது நமக்கு வசதியானது. முழு நேர்மையானது என்று சொல்லுதற்கில்லை.

படத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அதில் வரும் ஒடுக்கப்பட்டோர் பெரும்பாலும் கருணையைப் பெறுவோராகவே நிற்கின்றனர். தம் வழக்கைத் தாமே உரைப்போராக இல்லை. சாவித்திரியின் விடுதலைக்கும் திடீரென வந்த பரம்பரைச் சொத்து தேவைப்படுகிறது. சொந்த வாழ்விலும், மனைவி மீனாட்சி இருக்கும்போதே எஸ்.டி. சுப்புலட்சுமியை அவர் இரண்டாம் தாரமாக மணந்தார். சட்டமும் வழக்கமும் அன்று அதற்கு இடமளித்தன. மணவாழ்வில் பெண்ணுக்குரிய உரிமையைத் திரையில் வாதாடியவர் வாழ்வில் இதையும் குறித்தே ஆகவேண்டும்.

தடைக்குப்பின் அவர் சோர்ந்துவிடவில்லை. ஆயினும் அந்தக் கூர்மை திரும்பவுமில்லை. அவர் படமெடுத்த மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் கூடம் தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்தபோது வாசன் அதை வாங்கினார். அதுவே ஜெமினி ஸ்டூடியோவாக வளர்ந்தது. 1941இல் ‘கச்ச தேவயானி’ வாயிலாக டி.ஆர். ராஜகுமாரியைச் சுப்பிரமணியம் புகழேற்றினார். போர் முற்றியபோது கப்பலில் வரவேண்டிய கச்சாப் பிலிம் அருகிப்போயிற்று. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரம்பிட்டது. பிலிம் வேண்டுவோர் போர் ஆதரவுப் படமும் எடுத்துத் தரவேண்டும் என்ற நெருக்குதலும் சேர்ந்தது. தம் படத்தைத் தடைசெய்த அதே அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாக 1945இல் ‘மானசம்ரட்சணம்’ எடுத்தார் சுப்பிரமணியம். இதைச் சிலர் சரணாகதி என்பர். நூற்றுக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு பிலிம் பங்கீட்டுச் சீட்டில் தொங்கிய நிலையில், அச்சொல் சற்றுக் கடுமையானதே.

பிற்காலத்தில் தொழிலுக்கு அமைப்பு தேடித்தருவதில் அவர் உழைப்பு மிகுதியும் சென்றது. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையை வளர்த்தோருள் ஒருவர். 1952இல் தென்னிந்திய நடிகர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர். கூத்தாடி என்ற சொல்லின் வடு அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். பரதக்கலையைக் குலமகளிர் பயில்வது அரிதாக இருந்த காலத்தில் தம் இல்லத்திலேயே நாட்டியப் பள்ளி தொடங்கினார். மகள் பத்மா சுப்ரமண்யம் அங்கிருந்து உலகறிந்த ஆய்வாளரானார். மகன் எஸ். கிருஷ்ணசாமி ஆவணப்பட இயக்குநர். 1963இல் எரிக் பார்னோவுடன் இணைந்து அவர் எழுதிய இந்தியத் திரைப்பட வரலாற்று நூல் தந்தையார் காலத்தையும் விரித்துரைக்கிறது.

1971 ஏப்ரல் 7ஆம் நாள் சுப்பிரமணியம் மறைந்தார். ‘பேயும் பெண்ணும்’ உட்பட அவர் தொழில் பயின்ற பேசாப்படங்கள் அழிந்தன. தென்னாட்டுப் பேசாப்படங்களுள் முழுமையாக எஞ்சியது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. தடையுண்ட தியாகபூமியின் படி மட்டும் தப்பிப் பிழைத்து, 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சென்றடைந்தது. சாவித்திரி கூண்டிலேறி மறுக்கும் காட்சியை அதில் காணலாம்.