மூளையை வரைந்த மருத்துவர்

நம் உடலின் செயல்கள் அனைத்தையும் ஆள்வது மூளை. அதன் நரம்பணுக்களில் மின்துடிப்பு திடீரென வரம்பு மீறும்போது வலிப்பு உண்டாகிறது. அந்நோயைத் தீர்க்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வைல்டர் பென்ஃபீல்டு.

அவர் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மூளை அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அவருடைய தமக்கை ரூத் நெடுங்காலம் வலிப்பால் துன்புற்றார். மூளையில் கட்டி இருப்பது தெரியவந்ததும், 1928ஆம் ஆண்டு தம்பியே அறுவை செய்தார். கட்டியை முழுவதும் அகற்ற இயலவில்லை. சில ஆண்டுகளில் ரூத் இறந்தார்.

அத்துயரிலும் பென்ஃபீல்டு தளரவில்லை. 1934ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். மூளைக்கு வலி தெரியாது. ஆதலால் தலையின் மேற்புறத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்தார். மெல்லிய மின்னோட்டம் பட்டதும் ஓரிடத்தில் விரல் அசைந்தது. மற்றோரிடத்தில் பேச்சு நின்றது. இவ்வாறு எப்பகுதி எச்செயலுக்கு உரியது என வரைபடம் அமைத்தார். பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களைக் காத்து, வலிப்பைத் தோற்றுவிக்கும் பகுதியை அகற்றினார்.

அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டு வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். பென்ஃபீல்டு 1976ஆம் ஆண்டு மறைந்தார். தமக்கைக்குக் கிட்டாத நலம், அவரால் பலருக்குக் கிட்டியது.