அருள் தொட்ட மாலுமி



நாள் முழுவதும் உழைத்தால் கிடைப்பது கூலி. போட்டியில் முதலாவதாக வந்தால் கிடைப்பது பரிசு. இரண்டுக்கும் நமக்குத் தகுதி வேண்டும். தகுதியே இல்லாத ஒருவருக்கு, தண்டனை பெற வேண்டிய ஒருவருக்கு, அன்பு கிடைத்தால் அதற்கு என்ன பெயர்? கிறிஸ்தவர்கள் அதைக் கிருபை என்கிறார்கள். இறைவன் தாமாகவே இரங்கித் தரும் அருள் என்பது அதன் பொருள்.

அந்தக் கிருபையைப் பற்றி உலகமே பாடும் ஒரு பாடல் உண்டு. 'அமேசிங் கிரேஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். அதை எழுதியவர் ஜான் நியூட்டன். இவர் ஒரு காலத்தில் மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றவர்! வியப்பாக இருக்கிறதா? அவர் கதையைக் கேளுங்கள்.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். பெரும்பாலும் கடலிலேயே இருப்பார். தாய் எலிசபெத் பக்தி மிகுந்தவர். மகனுக்குப் படிக்கவும் ஜெபிக்கவும் சொல்லிக் கொடுத்தார். ஆனால், நியூட்டனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் அவர் காசநோயால் இறந்து போனார். 11 வயதில் நியூட்டன் தந்தையுடன் கப்பல் ஏறினார்.

வளர வளர அவர் முரட்டு வாலிபர் ஆனார். மாலுமிகளே முகம் சுளிக்கும்படி கெட்ட வார்த்தை பேசினார். கடவுளையும் கேலி செய்தார். 1744ஆம் ஆண்டு அவரைப் பிடித்துப்போய்ப் போர்க்கப்பலில் சேர்த்தார்கள். அங்கிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டுச் சாட்டையடி வாங்கினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நோயிலும் பசியிலும் வாடினார். தந்தை கேட்டுக்கொண்டதால், கிரேஹவுண்ட் என்ற கப்பலின் தலைவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டார்.

1748ஆம் ஆண்டு மார்ச் மாதம். நள்ளிரவில் அட்லாண்டிக் கடலில் பெரும் புயல் அடித்தது. கப்பலின் பக்கப் பலகைகள் உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போன நியூட்டனைத் தலைவர் ஒரு கத்தி எடுத்துவரத் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போனவரை அலை அடித்துச் சென்றுவிட்டது! நியூட்டன் பல மணி நேரம் பம்பு அடித்துத் தண்ணீரை வெளியேற்றினார். கைகள் ஓய்ந்த பின் சுக்கானைப் பிடித்தார். தன்னையறியாமல் இறைவனின் இரக்கத்தைக் கேட்டார். சுமார் நான்கு வாரங்கள் கழித்துக் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. மார்ச் 21ஆம் நாளை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கதை இத்துடன் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை, குழந்தைகளே. இனிமேல்தான் நீங்கள் உன்னிப்பாகக் கேட்க வேண்டும்.

நியூட்டன் ஜெபித்தார். வேதம் படித்தார். கெட்ட வார்த்தைகளை விட்டார். ஆனால், அடிமை வியாபாரத்தை மட்டும் விடவில்லை! 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்கு அவரே அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தார். மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்திலோ, ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு, நகரவும் இடமின்றிக் கிடந்தார்கள். கரை சேரும் முன்பே பலர் நோயால் இறந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பலரும் இந்த வியாபாரத்தைத் தவறாக நினைக்கவில்லை. நியூட்டனும் நினைக்கவில்லை. பலரும் செய்கிறார்கள் என்பதால் தவறு சரியாகிவிடுமா?

1754ஆம் ஆண்டு திடீரென்று வந்த நோயால் அவர் கடல் வாழ்வை விட்டார். லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்துக்கொண்டே கிரேக்க மொழியும் எபிரேய மொழியும் கற்றார். 1764ஆம் ஆண்டு ஓல்னி என்ற சிற்றூரில் போதகரானார். அங்கே கவிஞர் வில்லியம் கூப்பர் அவருக்கு நண்பரானார். இருவரும் எழுதிய பாடல்கள் 1779ஆம் ஆண்டு ஓல்னிப் பாடல்கள் என்ற நூலாக வந்தன. 1773ஆம் ஆண்டு புத்தாண்டு நாளுக்காக நியூட்டன் எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற பாடல். வழிதவறிப் போன தம்மை இறைவனின் அருளே மீட்டது என்று அதில் நன்றி சொல்கிறார்.

பிறகு அவர் லண்டனில் போதகரானார். 1785ஆம் ஆண்டு வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரைத் தேடி வந்தார். கடவுள் பணிக்காக அரசியலை விட்டுவிடலாமா என்பது அவருடைய குழப்பம். நாடாளுமன்றத்திலேயே இருந்து தொண்டு செய்யும்படி நியூட்டன் அறிவுரை கூறினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடினார்.

1788ஆம் ஆண்டு நியூட்டன் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடிமைக் கப்பல்களில் தாம் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் எழுதினார். தமது வாக்குமூலம் மிகவும் தாமதமாக வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். கப்பலை விட்டு 34 ஆண்டுகள் ஆகியிருந்தன! விசாரணைக் குழுக்களின் முன்னும் சாட்சி சொன்னார். மதிப்புமிக்க போதகர் தம் பழைய பாவத்தை ஊரறியச் சொல்வது எளிதா? ஆனாலும் சொன்னார்.

1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில், 82ஆம் வயதில் நியூட்டன் மறைந்தார். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டு வந்தது.

மாணவர்களே! நண்பனின் பேனாவை உடைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் மன்னித்துவிட்டான். காசு கொடுத்து அந்த மன்னிப்பை வாங்க முடியாது. ஆனால், மன்னிப்புக் கிடைத்த பிறகும் மறுநாள் இன்னொருவன் பேனாவை உடைக்கலாமா? கிருபையும் அப்படித்தான். அது இலவசமாக வருகிறது. வந்த பிறகு நம் வாழ்க்கையில் தெரிய வேண்டும்.

நியூட்டன் விற்ற மக்களின் துயரத்தை அவர் கண்ணீரால் அழிக்க முடியவில்லை. ஆனால், அவர் சொன்ன உண்மை அந்தக் கொடுமையை நிறுத்த உதவியது. அதை இன்னும் முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நாம் தவறு செய்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். இன்றே ஒப்புக்கொள்வோம், இன்றே சரிசெய்யத் தொடங்குவோம். செய்வீர்கள்தானே?