ஒரு தலையசைப்பு... ஓயாத பஞ்சாயத்து! - லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவின் கதை

கிரிக்கெட்ல ரன் அவுட் சந்தேகம் வந்தா அம்பயர் என்ன பண்ணுவார்? காற்றில் விரலால் ஒரு டி.வி பெட்டியை வரைவார். நாமும் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். அவுட்டா, இல்லையா... முடிவு வந்ததும் ஆட்டம் தொடரும். பெரும்பாலும் அம்பயரை யாரும் திட்டுவதில்லை.

இந்த வசதி எதுவுமே இல்லாத காலத்தில், 90,000-க்கும் அதிகமானோர் கூடியிருந்த மைதானத்தில், கால்பந்து உலகக்கோப்பை ஃபைனலில், சில நொடிகளில் முடிவு சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானவர் தோஃபிக் பஹ்ராமோவ். அந்த ஒரு முடிவுக்காக, சாகும் வரைக்கும் அவரைக் கேள்வி கேட்டார்கள். அவர் போன பிறகும் விடவில்லை!

எண்ணெய் நகரத்துப் பையன்

காஸ்பியன் கடலோரம் இருக்கும் பாகு நகரத்தில் 1925 ஜனவரி 29 அன்று பிறந்தவர் பஹ்ராமோவ். இன்று அது அஜர்பைஜானின் தலைநகரம். அன்று சோவியத் யூனியனுக்குள் இருந்த, எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரின் கால்பந்து அணியான நெஃப்ட்சியின் பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது. அந்த அணியில்தான் பஹ்ராமோவ் விளையாடினார்.

ஆனா, காலில் பட்ட காயம் அவருடைய ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மைதானத்தை விட்டுப் போக மனசு வரவில்லை. விசிலைக் கையில் எடுத்தார். சோவியத் லீக்கில் படிப்படியாக உயர்ந்து, சர்வதேச நடுவர் ஆனார். 1966 உலகக்கோப்பைக்கு இங்கிலாந்து போனபோது அவருக்கு வயது 41. ஷெஃபீல்டில் நடந்த ஸ்பெயின் - சுவிட்சர்லாந்து போட்டிக்கு அவர்தான் நடுவர். பிறகு ஃபைனலுக்கு லைன்ஸ்மேனாகத் தேர்வானார். கொடியோடு பக்கக்கோட்டை ஒட்டி ஓடும் உதவி நடுவர் வேலை அது.

அந்த 101-வது நிமிடம்

1966 ஜூலை 30. லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்து - மேற்கு ஜெர்மனி. இங்கிலாந்து ஜெயிக்கப் போகிறது என்று எல்லோரும் நினைத்த கடைசி நிமிடத்தில், ஜெர்மனியின் வெபர் கோல் போட்டு 2-2 ஆக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

101-வது நிமிடம். ஆலன் பால் கொடுத்த பந்தை ஜெஃப் ஹர்ஸ்ட் ஓங்கி உதைத்தார். பந்து கோல் கம்பத்தின் மேல் கட்டையின் அடிப்பக்கம் பட்டு, செங்குத்தாகக் கீழே விழுந்து, திரும்ப வெளியே துள்ளியது. வெபர் அதைத் தலையால் முட்டி வெளியே தள்ளினார். பக்கத்திலேயே இருந்த இங்கிலாந்து வீரர் ரோஜர் ஹன்ட், பந்தை இன்னொரு தடவை உள்ளே தட்டப் போகாமல் கைகளை உயர்த்திக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். ஜெர்மன் வீரர்களோ, கோல் இல்லவே இல்லை என்று கத்தினார்கள்.

கால்பந்து விதி என்ன சொல்லுதுன்னா, முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். ஒரு இழை கோட்டின் மேல் இருந்தாலும் கோல் கிடையாது.

சுவிட்சர்லாந்துக்காரரான நடுவர் டீன்ஸ்ட்டுக்குச் சந்தேகம். நேராக பஹ்ராமோவிடம் போனார். இருவருக்கும் பொதுவான மொழியே கிடையாது! பஹ்ராமோவும் கோல் கோட்டுக்கு நேராக நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் நின்றிருந்தார். கைச்சைகை, ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். டீன்ஸ்ட் கோல் கொடுத்தார். கடைசி நிமிடத்தில் ஹர்ஸ்ட் இன்னொரு கோல் அடிக்க, 4-2 என்று இங்கிலாந்து உலகக்கோப்பையை வென்றது. இன்றுவரை அவர்கள் வென்ற ஒரே ஆண்கள் உலகக்கோப்பை அதுதான்.

பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்கள்

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. பந்து உள்ளே போச்சா, இல்லையா என்ற கேள்வி, மெல்ல மெல்ல இந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னார் என்று மாறியது. அரையிறுதியில் சோவியத் அணியைத் தோற்கடித்ததே மேற்கு ஜெர்மனிதான். போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப்போர் முடிந்து 21 வருடம்தான் ஆகியிருந்தது. பழிவாங்கிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மரணப்படுக்கையில் காரணம் கேட்டபோது ஸ்டாலின்கிராட் போரைச் சொன்னார் என்று ஒரு கதைகூட உலாவியது. யாரோ கட்டிவிட்ட அந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றியது.

இங்கிலாந்துக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால், பேரைச் சொல்லி அல்ல. அவர்களுக்கு அவர் 'ரஷ்ய லைன்ஸ்மேன்'. அஜர்பைஜான்காரரான அவருக்கு, திட்டிலும் சரி, பாராட்டிலும் சரி, சொந்த அடையாளம்கூட மிச்சமில்லை.

பஹ்ராமோவ் என்ன சொன்னார்? பந்து மேல் கட்டையில் பட்டுத் திரும்பியதாக அவர் நினைக்கவே இல்லை. உள்ளே போய் வலையில் பட்டுத் திரும்பியதாகத்தான் நினைத்தார். பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்புகளிலும் அதையே எழுதினார். அப்படிப் பார்த்தால், பந்து தரையில் எங்கே விழுந்தது என்பதே அவருக்கு முக்கியமில்லை. தப்பாகப் பார்த்திருக்கலாம். ஆனால், அவர் பொய் சொன்னார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

அவருடைய வேலையும் அதோடு நின்றுவிடவில்லை. 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் பெரு - மொராக்கோ போட்டிக்கு நடுவராக இருந்தார். 1972-ல் யூ.இ.எஃப்.ஏ கோப்பை ஃபைனலின் முதல் போட்டி, இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணிக்கும் டாட்டன்ஹாமுக்கும் நடந்தது. வுல்வ்ஸின் சொந்த மைதானத்தில் விசில் ஊதியவர் பஹ்ராமோவ். ஆனாலும், அவரைப் பற்றிய பேச்சு என்னவோ அந்த 101-வது நிமிடத்தைத் தாண்டவே இல்லை.

1992 நவம்பரில், டர்பன் டெஸ்டில் சச்சினுக்கு டி.வி ரீப்ளே பார்த்து ரன் அவுட் கொடுத்தார்கள். மூன்றாவது அம்பயரின் முதல் தீர்ப்பு அது. சில மாதங்கள் கழித்து, 1993 மார்ச்சில் பஹ்ராமோவ் காலமானார். கால்பந்து அப்போதும் கண்ணை மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தது.

கேமரா வந்திருந்தால்?

தொண்ணூறுகளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய படச்சுருளை கம்ப்யூட்டரில் அலசினார்கள். முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட இன்னும் குறைந்தது 6 சென்டிமீட்டர் வேண்டியிருந்தது என்பது அவர்கள் முடிவு. 2016-ல் ஓர் இங்கிலாந்து விளையாட்டு சேனல் கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியை மறுபடி உருவாக்கிப் பார்த்து, அது கோல்தான் என்றது! அன்றைய மங்கலான படங்களை வைத்துக்கொண்டு இயந்திரத்தாலும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை.

2010 உலகக்கோப்பையில் காலம் திருப்பி அடித்தது. அதே இங்கிலாந்து, அதே ஜெர்மனி. லாம்பார்டு அடித்த பந்து மேல் கட்டையில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தது. டி.வி பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது, நடுவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. கோல் இல்லை! ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இங்கிலாந்திடம் மன்னிப்பு கேட்டார். 2012-ல் கோல்கோடு தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014 உலகக்கோப்பையில் ஒவ்வொரு மைதானத்திலும் 14 கேமராக்கள். பந்து தாண்டியதும் ஒரு நொடிக்குள் நடுவரின் வாட்ச்சுக்கு சிக்னல். பஹ்ராமோவை வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்விக்கு ஒரே நொடியில் பதில்!

2018-ல் வி.ஏ.ஆர் எனப்படும் வீடியோ உதவி நடுவர் முறை உலகக்கோப்பைக்கு வந்தது. அது இல்லாவிட்டால் 95% முடிவுகள் சரியாக இருந்திருக்கும், இருந்ததால் 99.3% சரி என்று லீக் சுற்று முடிவில் ஃபிஃபா கணக்கு சொன்னது. தனக்குத்தானே போட்டுக்கொண்ட மார்க் என்றாலும், முன்னேற்றத்தை மறுக்க முடியாது.

ஆனா, அதே உலகக்கோப்பையின் ஃபைனலைப் பாருங்க. குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. நடுவர் பிடானா மானிட்டரில் பார்த்தார், நகர்ந்தார், திரும்ப வந்து மறுபடி பார்த்தார். பிரான்ஸுக்கு பெனால்ட்டி கொடுத்தார். பிரான்ஸ் ஜெயித்தது, அதே 4-2! கை பட்டது எல்லோருக்கும் தெரியும். அது தண்டிக்க வேண்டிய தப்பா என்பதில்தான் இன்னும் சண்டை. கோட்டை அளக்க கேமரா போதும். தப்பை எடைபோட மனுஷன்தான் வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பரில் டாட்டன்ஹாம் - லிவர்பூல் போட்டியில் நடந்தது இன்னும் விசேஷம். லூயிஸ் டியாஸ் போட்ட கோலை ஆஃப்சைடு என்று மைதானத்தில் மறுத்துவிட்டார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களோ, கோல் கொடுக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கோல் போச்சு! ஒரே மொழி பேசுகிறவர்கள், காதில் ஹெட்செட், கண்முன் ரீப்ளே. அப்படியும் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியவில்லை.

2024-ல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வி.ஏ.ஆர் வேண்டாம் என்று ஓர் அணி தீர்மானம் கொண்டுவந்தது. 1972-ல் பஹ்ராமோவ் விசில் ஊதிய அதே வுல்வ்ஸ்தான்! 19-1 என்று தீர்மானம் தோற்றது. ஆயிரம் குறை சொன்னாலும், மற்ற 19 அணிகளுக்கும் பழைய காலத்துக்குத் திரும்ப மனமில்லை.

பஹ்ராமோவின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், அந்த 19 பேர் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. கோல்கோட்டில் கேமரா இருந்திருந்தால், 1966-ல் கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஒரு மனிதரின் நேர்மையை, அவருடைய பாஸ்போர்ட்டை வைத்து யாரும் எடைபோட்டிருக்க முடியாது.

அவருடைய ஊர் அவரைக் கைவிடவில்லை. 1951-ல் ஸ்டாலின் பெயரில் திறக்கப்பட்டு, பிறகு லெனின் பெயருக்கு மாறிய பாகு மைதானத்துக்கு, 1993-ல் பஹ்ராமோவின் பெயரை வைத்தார்கள். 2004 அக்டோபரில் இங்கிலாந்து அணி அங்கே ஆட வந்தபோது, வாசலில் அவருடைய சிலை திறக்கப்பட்டது. விழாவுக்கு வந்து மரியாதை செலுத்தியவர்களில் ஒருவர், ஜெஃப் ஹர்ஸ்ட்!

இன்று அதே மைதானத்தில் நடக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் வி.ஏ.ஆர் இருக்கிறது. சந்தேகம் வந்தால், நடுவர் ஓடிப்போய் மானிட்டரில் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு வருகிறார். வெளியே வாசலில் பஹ்ராமோவ் சிலையாக நிற்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பார்வை மட்டும்தான்.