பழைமையில் அழகு கண்ட புதுமையின் பிரசாரகர்

நன்றாக இயங்கும் கைத்தொலைபேசியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை நாடும் பழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. பொருள் பழுதடையும் முன்னரே அது பழையதாகிவிட்டது என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் இவ்வணிக உத்தியை 1950களில் உலகறியச் செய்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். ஆயினும், கார் சேகரிப்போர் இன்று அவரை நினைவுகூர்வது பழைமையையே உருவமாகக் கொண்ட ஒரு காருக்காகவே.

ஸ்டீவன்ஸ் 1911இல் மில்வோக்கி நகரில் பிறந்தார். சிறுவயதில் போலியோ நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மகன் சோர்ந்துவிடாதிருக்கத் தந்தை அவரது கையில் வரைதாளையும் பென்சிலையும் கொடுத்தார். அந்தப் பயிற்சியே அவரது தொழிலுக்கு அடித்தளமாயிற்று. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற அவர், 1930களின் நடுப்பகுதியில் சொந்த ஊரிலேயே வடிவமைப்பு நிறுவனமொன்றை ஆரம்பித்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் கண்ணாடிச் சாளரம் அமைக்கும் யோசனை அவருடையது. 1948இன் ஜீப்ஸ்டர் வாகனத்தை வடிவமைத்தவரும் அவரே.

1954இல் விளம்பரத் துறையினர் மத்தியில் உரையாற்றியபோது, 'திட்டமிட்ட பழைமையாக்கம்' என்ற கருத்தை அவர் முன்வைத்தார. அச்சொல் அதற்கு முன்னரே வழக்கில் இருந்ததெனினும், அவர் மூலமே அது பிரபல்யமடைந்தது. தரக்குறைவான பொருளைச் செய்வதன்று தமது நோக்கம், புதியதின் மீது விருப்பத்தைத் தூண்டுவதே என்பது அவரது வாதம்.

1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் சவுத் பென்ட் நகரிலிருந்த தனது பிரதான தொழிற்சாலையை மூடியது. அந்நிறுவனத்துக்காகப் பணியாற்றிவந்த ஸ்டீவன்ஸ், 1964 நியூயோர்க் கண்காட்சிக்கென அதன் அடிச்சட்டத்தின் மீது திறந்த கார் ஒன்றை உருவாக்கினார். அதற்கு முன்மாதிரியாக அமைந்தது 1928ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எஸ்.கே. பந்தயக் கார். நீண்ட முன்பகுதி, பெரிய முன்விளக்குகள், இயந்திர மூடியின் பக்கவாட்டில் வெளியே தெரியும் புகைக்குழாய்கள் என யுத்தத்துக்கு முந்திய காலம் அதில் உயிர்பெற்றது. நிறுவனம் அதனைக் காட்சிப்படுத்தத் தயங்கவே, அவர் தனி இடம் பெற்று அதை வைத்தார். மக்கள் திரண்டனர்.

'எக்ஸ்கலிபர்' எனப் பெயர்பெற்ற அக்காரை அவரது புதல்வர்கள் செவ்ரோலெட் கொர்வெட் காரின் இயந்திரத்தைப் பொருத்தி உற்பத்தி செய்தனர். ஏறத்தாழ 3,500 கார்கள் வெளிவந்த நிலையில், 1980களின் நடுப்பகுதியில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. ஸ்டீவன்ஸ் 1995இல் காலமானார்.

எக்ஸ்கலிபர் ஒரு பிரதிதான் என்று குறைகூறுவோர் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு. எனினும், ஆண்டுக்காண்டு தோற்றத்தை மாற்றினால்தான் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை கோலோச்சிய நாட்டில், முப்பத்தாறு ஆண்டுகள் பழைய ஓர் உருவத்துக்காக மக்கள் பெருந்தொகையைச் செலுத்த முன்வந்தனர். புதியதன் மீதான ஆசை இயல்பானது மட்டுமன்று, அது எம்மீது திணிக்கப்படுவதும் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அவரது பிரசாரத்தின் விலையை இன்று குவிந்து கிடக்கும் இலத்திரனியல் கழிவுகளில் நாம் காண்கின்றோம். அவரது காரோ, உரிமையாளர்களால் துடைத்துத் துலக்கிப் பேணப்படுகின்றது. அடுத்த கைத்தொலைபேசியை வாங்குமுன், கையிலிருப்பது உண்மையிலேயே பழுதடைந்துவிட்டதா என்று நாம் ஒருகணம் கேட்டுக்கொள்வது நன்று.